பின்னங்காலைப் பார்த்துப் பம்பிள் தேனீயின் வாழ்க்கையை அறிவது எப்படி?

ஐரோப்பாவின் தோட்டங்களிலும் வயலோரங்களிலும் பரவலாகக் காணப்படும் வெளிர்பழுப்பு வால் பம்பிள் தேனீக்கு பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ் என்பது அறிவியல் பெயர். இதன் கூடு பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருப்பதால் உள்ளே நடப்பதை நாம் பார்க்க முடியாது. ஆனால் வெளியே பறக்கும் தேனீயின் பின்னங்காலைக் கவனிக்கப் பழகிவிட்டால், கூட்டின் நிலையை ஓரளவு ஊகித்துவிடலாம். ஒரு குறிப்பேடும் பென்சிலும் நிறையப் பொறுமையும் போதும்.

படி 1: ராணியை அடையாளம் காணுங்கள்

அடர்ந்த கரிய மயிர், கழுத்தருகே ஒரு மஞ்சள் பட்டை, வயிற்றின் குறுக்கே இன்னொன்று, வால்நுனியில் வெளிர்பழுப்பு, ஏறத்தாழ 2 செ.மீ. நீளம்: இதுதான் ராணி. வேலைக்காரத் தேனீக்கள் சிறியவை. அவற்றின் வால் வெள்ளையாக இருப்பதால், வெள்ளைவால் இனத்தின் வேலைக்காரத் தேனீக்களிலிருந்து பிரித்தறிவது வல்லுநர்களுக்கே கடினம். ஆகவே ராணியிலிருந்து தொடங்குவதே நல்லது.

படி 2: ஓரடி தள்ளியே நில்லுங்கள்

பூவில் அமர்ந்திருக்கும் தேனீ நடுக்காலை உயர்த்திக் காட்டினால், "இதற்கு மேல் வராதே" என்று பொருள். சொன்னபடி கேளுங்கள், தேன்கூட்டுத் தேனீயைப் போல ஒரு முறை கொட்டியதும் இது இறந்துவிடுவதில்லை.

படி 3: வசந்தத்தில் காலைப் பாருங்கள்

குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தனியாக உறங்கிய ராணி, முதல் பூக்கள் மலரும் நாட்களில் வெளியே வருகிறது. அது தரையையொட்டி வளைந்து வளைந்து பறந்து, புல்லடியில் உள்ள பொந்துகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும்போது பின்னங்காலை உற்றுப் பாருங்கள். நீண்ட மயிர்கள் விளிம்பு கட்டிய, வழுவழுப்பான ஒரு குழிவு தெரியும். அதுதான் மகரந்தக் கூடை. கூடை வெறுமையாக இருந்தால் ராணி இன்னும் வீடு தேடிக்கொண்டிருக்கக்கூடும். சில நாட்கள் கழித்து அதில் மஞ்சள் உருண்டை ஒட்டியிருக்கக் கண்டால், பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய எலி வளையில் குடித்தனம் தொடங்கிவிட்டது என்று குறித்துக்கொள்ளலாம்.

அந்த வளைக்குள் ராணி மெழுகால் ஒரு சிறு குடம் செய்து தேன் நிரப்புகிறது. மகரந்தத் திரளின் மேல் முட்டையிட்டு, கோழி அடைகாப்பதுபோல அதன்மேல் படுத்துக்கொள்கிறது. சிறகை அசைக்காமல் பறக்கும் தசைகளை மட்டும் நடுங்கச் செய்து, முட்டைகளை ஏறத்தாழ 30 பாகை செல்சியசில் வைத்திருக்கிறது. தேன்குடமோ படுத்தபடியே நாக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். இத்தனை ஏற்பாட்டையும் துணைக்கு ஒருவரும் இல்லாமல் ஒரே பூச்சி செய்கிறது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு.

படி 4: கோடையில் எண்ணுங்கள்

சில வாரங்களில் வேலைக்காரத் தேனீக்கள் வெளிவந்துவிடும். பிறகு ராணி பெரும்பாலும் கூட்டைவிட்டு வராது. ஒரே பூச்செடியருகே 15 நிமிடம் நின்று, மகரந்தம் சுமப்பவற்றை எண்ணுங்கள். மகரந்தம் முக்கியமாகப் புழுக்களுக்கான உணவு என்பதால், சுமை மிகுந்தால் கூட்டில் பிள்ளைகளும் மிகுதி எனலாம். வெறுங்காலோடு வருபவை சோம்பேறிகள் அல்ல, அவை பூந்தேனுக்காக வந்திருக்கலாம்.

தக்காளிப் பூ கிடைத்தால் விடாதீர்கள். தேனீ பூவைக் கவ்விக்கொண்டு உடலை அதிரவைக்கும்போது, பறக்கும் ஓசையைவிடக் கூர்மையான ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வில் மகரந்தம் தூளாகக் கொட்டும்.

படி 5: கோடை முடிவில் ஆண்களைத் தேடுங்கள்

ஆண் தேனீக்குக் கொடுக்கு இல்லை, மகரந்தக் கூடையும் இல்லை. உணர்கொம்பில் பெண்ணுக்கு 12 கணுக்கள் என்றால் ஆணுக்கு 13. (கணுக்களை எண்ணி உறுதிசெய்வதற்கு முன் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம்!) இதே காலத்தில் புது ராணிகளும் பிறந்து, ஆண்களோடு இணைசேர்ந்து, வயிறாரப் பூந்தேன் குடித்துவிட்டு, மண்ணைத் தோண்டி உறங்கப் போகும். பழைய ராணியும் வேலைக்காரத் தேனீக்களும் ஆண்களும் இறந்துவிடும்.

எனவே கோடை முடிவில், கூடையில் மகரந்தமே இல்லாத பெரிய பெண் தேனீ ஒன்று பூவில் நெடுநேரம் குடித்துக்கொண்டிருந்தால், தேதியைக் குறித்துவிட்டு அடுத்த பக்கத்தை வெறுமையாக விடுங்கள். வசந்தத்தில் பொந்து தேடி வரப்போவது அதுவாகவும் இருக்கலாம்.