கருமருந்து ரிவால்வருக்கு ஏற்ற குருணை எது?

பழைய வகை வெடிமருந்தான கருமருந்தின் டப்பா மேல் அச்சிட்டிருக்கும் 'எஃப்' எழுத்துகள் குருணையின் அளவை மட்டுமே குறிக்கின்றன. எஃப் கூடக் கூடக் குருணை பொடிசாகும். பொடிசான குருணைக்கு மொத்தப் பரப்பு அதிகமாதலால் அது விரைந்து எரிந்து, அழுத்தத்தையும் விரைந்து உயர்த்தும். ஒற்றை எஃப் பீரங்கிக்கும், இரட்டை எஃப் மஸ்கட்டுக்கும் பெரிய குழல் ரைஃபிளுக்கும் உரியவை. .36, .44 ரிவால்வர்களுக்குப் பொருந்துவது மூன்று எஃப். அது கிடைக்காதபோது இரட்டை எஃப் இடலாம். வேகம் சற்றுக் குறையும், கசடு சற்றுக் கூடும், அவ்வளவுதான். நான்கு எஃப், சிக்கிமுக்கித் துப்பாக்கியின் பற்றவைக்கும் கிண்ணத்துக்கானது. அதை ரிவால்வரில் நிரப்ப வேண்டாம்.

குருணை அளவைவிடப் பெரிய அபாயம் ஒன்று உண்டு. இக்காலத் தோட்டாக்களில் இடும் புகையில்லா மருந்தை, எவ்வளவு சிறிய அளவிலும், இந்த ரிவால்வர்களில் இடவே கூடாது. அது எழுப்பும் அழுத்தத்தைத் தாங்கும்படி இவற்றின் சிலிண்டர் செய்யப்படவில்லை. சிலிண்டர் வெடித்துச் சிதறினால் சுடுபவரின் கையும் கண்ணும் போய்விடும். புகையில்லா மருந்திலும் கருநிறக் குருணைகள் இருப்பதால் கண்ணால் பார்த்து வேறுபடுத்திவிடலாம் என்று நம்பக் கூடாது. ஆகவே மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்திருங்கள். பெயரில்லாத டப்பாவில் இருப்பதையும், பிறர் பிரித்து மாற்றி வைத்ததையும் பயன்படுத்தாதீர்கள்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரிவால்வரின் சட்டம், அதாவது சிலிண்டரைத் தாங்கும் உடற்பகுதி, எந்த உலோகம் என்பது. எஃகுச் சட்டமுள்ள .44 ரிவால்வரில் சிலிண்டரின் ஒவ்வோர் அறைக்கும் பொதுவாக 25 முதல் 30 கிரெய்ன் (மருந்தை அளக்கும் அலகு) வரை இடுகிறார்கள். பித்தளைச் சட்டத்துக்கு அதைவிடக் குறைவாகவே இட வேண்டும். கூடுதலாக இட்டுச் சுட்டுவந்தால் சிலிண்டரின் பின்பற்கள் சட்டத்தில் பள்ளமாகப் பதிவதையும், நாளடைவில் சட்டமே தளர்வதையும் காணலாம். 1847-ஆம் ஆண்டின் கோல்ட் வாக்கர் ரிவால்வர் ஓர் அறைக்கு 60 கிரெய்ன் கொள்ளும் என்பதை வைத்து மற்றவற்றுக்குக் கணக்குப் போடக் கூடாது. உங்கள் ரிவால்வரின் கையேடு சொல்லும் உச்ச அளவே எல்லை.

கருமருந்துக்குப் பதிலாக இடும் மாற்று மருந்துகளில் ரிவால்வருக்கு உரியது பைரோடெக்ஸ் பி. இது கருமருந்தைவிட எடை குறைவானது என்பதால் தராசில் நிறுக்காமல், கருமருந்துக்கான அளவுக் குழலில் கொள்ளளவாகவே அளக்க வேண்டும். 30 கிரெய்னை நிறுத்து இட்டால் அளவு மீறிவிடும். டிரிபிள் செவன் என்ற மற்றொரு மாற்று மருந்து வீரியம் மிக்கது. கொள்ளளவில் 15 விழுக்காடு குறைத்தால்தான் கருமருந்துக்கு இணையாகும்.

மருந்தைக் குறைக்கும்போது குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெற்றிடம் விடக் கூடாது. குண்டு எட்டாத ஆழத்தில் மருந்து தங்கினால், மருந்தின் மேல் மக்காச்சோள மாவையோ மசகிட்ட கம்பளி வில்லையையோ வைத்து, குண்டு அதன்மேல் இறுக உட்காரும்வரை கெட்டித்துவிட்டு, கடைசியாகவே மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிகளான கேப்புகளைப் பொருத்துங்கள்.