காலடிப்பேட்டையில் கிடைத்த மாடி வீடு: என் அனுபவம்

சென்னை மெட்ரோ ரயில் 2021-இல் விம்கோ நகர் வரை நீண்ட பிறகு நான் தண்டையார்பேட்டையில் வீடு தேடியபோது, நிலையத்தை ஒட்டிய தெருக்களில் கேட்ட வாடகை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. தரகரோ ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்டார். ஆகவே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காலடிப்பேட்டைச் சந்துகளில் நடந்தே தேடியதில், ‘டு லெட்’ அட்டைகூட மாட்டாத ஒரு மாடி வீட்டை இஸ்திரி வண்டிக்காரர் காட்டினார்.

உரிமையாளர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார். வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்வதைப் பணிவாக எடுத்துரைத்தேன். “சட்டமெல்லாம் நமக்குள்ள எதுக்குத் தம்பி?” என்று சிரித்தவர், ஐந்து மாதத்துக்கு இறங்கி வந்தார். கையெழுத்திடும் முன் அடிபம்பை அடித்துப் பார்த்தேன். முதல் இரண்டு குடம் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. மின்கட்டணம் யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் செய்தேன்.