குறி, டெபாசிட், நகை: சித்தூர் பக்கம் காசு கரைகிற இடங்கள்

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், குறிப்பாக கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம், காசு புழங்காமல் இல்லை. பால் சொசைட்டிப் பணம், கள்ளுக்குத் தென்னை விட்ட பாட்டம், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்களின் வாரக்கூலி என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது, நம் ஆட்கள் மிச்சமும் பிடிக்கிறார்கள். ஆனால் வட்டி எவ்வளவு என்று கேட்கிறவர்கள், நாளைக்கு இவன் கையை விரித்தால் யார் தருவார் என்று கேட்பதில்லை.

முதலில் குறி, அதாவது சீட்டு. சீட்டு தப்பில்லை, எல்லாச் சீட்டையும் சேமிப்பு என்று நினைப்பதுதான் தப்பு. ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு, 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 5,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதமே ஏலத்தில் 25,000 விட்டுக்கொடுத்து (தள்ளி) எடுத்தால் கைக்கு வருவது 75,000. அதில் கசர் (தள்ளிய தொகையில் கமிஷன் போக ஆளுக்குக் கிடைக்கும் பங்கு) போக நீங்கள் அதுவரை கட்டிய ஏறக்குறைய 12,000 உங்கள் காசுதானே, ஆக கடனாக வந்தது 63,000. மீதி 17 மாதமும் கசர் கழித்துச் சராசரி 4,500 கட்டினால் 76,500 ஆகிறது. கணக்குப் போட்டால் மாதம் ரெண்டேகால் வட்டி! வீட்டில் நகை இருந்தால் வங்கியில் ஒரு ரூபாய் வட்டிக்கும் கீழே கடன் கிடைக்கும்போது இது எதற்கு? அதே சீட்டைக் கடைசி வரை எடுக்காமல் இருப்பவருக்கு, நடத்துகிறவரின் 5 சதவீதக் கமிஷன் போக 95,000 வரும், கட்டியது 88,500. ஆண்டுக்கு 9 சதவீதம் அளவில் நிற்கும், மோசமில்லை. அவசரக்காரர் கட்டுகிற வட்டிதான் பொறுமைசாலிக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அந்தப் பொறுமைசாலிக்குத்தான் ஆபத்தும் அதிகம், ஏனென்றால் கடைசி வரை அவர் பணம் வெளியே நிற்கிறது. 1982 சீட்டு நிதிச் சட்டப்படி நடத்துகிறவர் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடாகப் பதிவாளரிடம் ஜாமீன் கட்டியிருக்க வேண்டும். தெருவில் அக்கா ஒருவர் நோட்டில் எழுதி நடத்துவதில் இது எதுவும் கிடையாது. கேரள அரசின் நிதி நிறுவனமான கேஎஸ்எஃப்இ 1969 முதல் குறி நடத்துகிறது, அங்கே சேர்ந்தால் ராத்திரி தூக்கமாவது வரும். படிவம் மலையாளத்தில் இருந்தால், தமிழ் மீடியம் படித்தவர்கள் கூச்சப்படாமல் யாரையாவது உட்காரவைத்துப் படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஜாமீன் கையெழுத்தென்றால் இரண்டு முறை கேளுங்கள், மச்சானுக்காகப் போட்டதாக இருந்தாலும் அவர் கட்டாவிட்டால் உங்களிடம்தான் வருவார்கள்.

அப்புறம் டெபாசிட். பலகையில் ‘பேங்க்’ என்று இருந்தால் போதும் என்று நம்புகிறோம். ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற வங்கி என்றால், அது மூழ்கினாலும் வட்டியோடு சேர்த்து ஒருவருக்கு 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் வராது, ரிசர்வ் வங்கியே 2021 நவம்பரில் இதை அறிவித்து எச்சரித்தது. சங்கத்தில் போடவே கூடாது என்று சொல்லவில்லை. மகள் கல்யாணத்துக்கு வைத்த மொத்தத்தையும் அரை சதவீதம் கூட வருகிறதே என்று ஒரே சங்கத்தில் போடுவதைத்தான் சொல்கிறேன். கொஞ்சத்தைத் தபால் நிலையத்தில் போடலாம், அதற்கு மத்திய அரசே பொறுப்பு.

நகை விஷயம் சுருக்கமாக. போட்டுக்கொள்ள வாங்குங்கள், சரி. சேமிப்பு என்று சொல்லி வாங்கினால் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் விற்கிற அன்று திரும்பி வராது. எதுவானாலும் ஆறு எழுத்து ஹால்மார்க் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டுப் பில் வாங்குங்கள்.

சேமிப்பும் ஆச்சு, காப்பீடும் ஆச்சு என்று விற்கிற பாலிசியில் இரண்டுமே அரைகுறைதான், சம்பாதிக்கிறவர் பெயரில் தனியாக டேர்ம் பாலிசி (காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருகிற காப்பீடு) எடுப்பது மேல்.

கடைசியாகப் பழைய பாஸ்புக்கையெல்லாம் எடுத்து நாமினி யார் என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் பெரும்பாலும் அம்மா பெயர்தான் இருக்கும், கணக்குக்காரர் போகும்போது அம்மாவும் இல்லையென்றால் வீட்டுக்காரம்மா வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டிவரும். மாற்ற ஒரு படிவம் போதும்.