கணக்கு டியூஷன் எடுக்கப் போகிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது?

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வீட்டில் தமிழ் பேசிவிட்டு ஸ்கூலில் மலையாள மீடியம் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு, தமிழ் மீடியம் படிப்பவர்களும் உண்டு. சாயங்காலம் நாலு பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்கு சொல்லித்தர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பாடப்புத்தகத்தைத் திறக்காதீர்கள். ஏழாம் கிளாஸ் பிள்ளையாக இருந்தாலும் மூன்றாம் கிளாஸ் கழித்தலில் ஆரம்பித்து, பெருக்கல், வகுத்தல், பின்னம் என்று வகைக்கு ரெண்டு கணக்கு கொடுத்து, பென்சில் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மார்க் போட வேண்டாம். சிக்கல் அங்கேதான் இருக்கும், பாடத்தையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுத்து, தப்பான விடையை அழிக்க விடாதீர்கள். 402-இல் 178 போனால் எவ்வளவு என்றால் சில பிள்ளைகள் 376 என்று எழுதுவார்கள். உடனே கவனம் இல்லை என்று திட்டிவிடுகிறோம், ஆனால் பாருங்கள், எட்டில் ரெண்டு போக ஆறு, ஏழில் சைபர் போக ஏழு, நாலில் ஒன்று போக மூன்று என்று மேலே கீழே பார்க்காமல் பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறது அந்தப் பிள்ளை, எல்லாக் கணக்கிலும் அதையேதான் செய்யும். "இது எப்படி வந்துச்சு, சொல்லு கண்ணு" என்று கேட்டால் அதுவே சொல்லிவிடும்.

இனி திருத்தலாம். பேப்பரை வெட்டி நூறு, பத்து, ஒரு ரூபாய் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாலு நூறும் ரெண்டு ஒன்றும் பிள்ளை கையில் கொடுத்து, 178 ரூபாய் கேளுங்கள். சில்லறை இல்லையே என்று அதுவே சொல்லும். ஒரு நூறைப் பத்து பத்தாக மாற்றி, அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றாக மாற்றினால் கையில் 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. இப்போது 178 கொடுத்தால் மிச்சம் 224. கடன் வாங்கிக் கழிக்கிறோமே, அது இதுதான். பேப்பரில் மாற்றிய பிறகே நோட்டில் எழுத வையுங்கள், அவசரப்படவே கூடாது.

வாக்கியக் கணக்கு வந்தால், மலையாள மீடியம் பிள்ளை முதலில் கணக்கைத் தமிழில் கதையாகச் சொல்லட்டும். யாரிடம் என்ன இருக்கிறது, என்ன கேட்கிறார்கள் என்பது பிடிபடாமல் எண்களை மட்டும் பொறுக்கிக் கூட்டுவதில் அர்த்தமே இல்லை. தமிழ் மீடியத்துக்கு கேரள எஸ்.சி.இ.ஆர்.டி. (ஸ்கூல் பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் மாநில அரசு அமைப்பு) வெளியிடும் கணக்குப் புத்தகத்தை நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், சொற்கள் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டதும் விடையை எடுத்துக் கொடுக்காமல் கொஞ்சம் பொறுங்கள். வாய்ப்பாடு தினமும் அஞ்சு நிமிஷம் போதும்.

மார்க் எப்போது ஏறும் என்று அம்மா அப்பா கேட்கத்தான் செய்வார்கள். அப்போது முதல் நாள் நோட்டை எடுத்து, 376 எப்படி வந்தது, 224 எப்படி வருகிறது என்று பிள்ளையையே விளக்கச் சொல்லுங்கள்.