இதய மாத்திரையைப் பாதியாக உடைக்கலாமா? கடற்கரை ஊர்களுக்கான கைக்குறிப்பு

டாக்டர் சீட்டில் ½ என்று எழுதியிருந்தால் மட்டும் உடையுங்கள். மாத்திரை தீரப்போகிறது, ராமநாதபுரம் போக இன்னும் நாலு நாள் ஆகும் என்று நீங்களாகவே பாதியாக்கி நாள் தள்ளாதீர்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகை மாத்திரைகளைத் திடீரென்று குறைத்தால், அடங்கியிருந்த நெஞ்சுவலி முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலைக் குறைத்தால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

½ என்று எழுதியிருந்தாலும் மெடிக்கலில் முதலில் ஒன்று கேளுங்கள்: "இதே மருந்து பாதி அளவில் முழு மாத்திரையாக இருக்கிறதா?" அம்லோடிபின் 2.5 மி.கி., அட்டெனலால் 25 மி.கி., டெல்மிசார்டான் 20 மி.கி., கார்வெடிலால் 3.125 மி.கி. எல்லாம் தனி மாத்திரையாகவே வருகின்றன. கிடைத்தால் உடைக்கும் வேலையே இல்லை.

கிடைக்காவிட்டால் அட்டையைப் படியுங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., ரிடார்ட் என்று இருந்தால் அது நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையச் செய்த மாத்திரை. உடைத்தால் அத்தனை மருந்தும் மொத்தமாக ரத்தத்தில் இறங்கும். பிரஷர் சட்டென்று விழும், தலை சுற்றும். நிஃபெடிபின் ரிடார்ட், டில்டியாசெம் எஸ்.ஆர்., 2.6 மி.கி. நைட்ரோகிளிசரின் இவற்றில் கை வைக்கவே வேண்டாம். மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். மட்டும் கொஞ்சம் வேறு. நடுக்கோடு போட்ட சில கம்பெனி மாத்திரைகளைக் கோட்டோடு இரண்டாக்கலாம். நசுக்கவோ மெல்லவோ கூடாது. உங்கள் கம்பெனி மாத்திரை அந்த வகையா என்று மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள்.

75 மி.கி. ஆஸ்பிரின் பெரும்பாலும் குடலில் கரையும் பூச்சோடு வரும். வெட்டினால் பூச்சு போய், மருந்து வயிற்றிலேயே கரைந்து புண்ணாக்கும். (மாரடைப்பு நேரத்தில் ஆஸ்பிரினை மென்று தின்னச் சொல்வது வேறு கணக்கு.) கேப்ஸ்யூலைத் திறக்காதீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறந்து கொட்டிச் சாப்பிட்டால் உடம்பு ஏற்கும் அளவு எக்கச்சக்கமாகக் கூடி, ரத்தக்கசிவு வரை போகும்.

வெட்டும் முறை. கையைக் கழுவி, ஈரமில்லாமல் துடையுங்கள். மெடிக்கலில் விற்கும் மாத்திரை கட்டரில், மாத்திரையின் கோடு பிளேடுக்கு நேராக வரும்படி வைத்து மூடியை ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மெதுவாக, விட்டுவிட்டு அழுத்தினால்தான் மாத்திரை நொறுங்கும். அரிவாள்மனையும் பல்லும் வேண்டாம். ஒரு பக்கம் பெரிதாகும், மறு பக்கம் தூளாகும். இரண்டு துண்டும் கண்ணுக்கே ஏறுமாறாகத் தெரிந்தால் அந்த மாத்திரையை ஒதுக்குங்கள். இன்று பெரிய பாதி, அடுத்த வேளை சிறிய பாதி என்பது பிரஷர் மாத்திரையில் பெரும்பாலும் சமாளிக்கக்கூடியது. இதயத் துடிப்புக்குத் தரும் டிகாக்ஸினிலும், வார்ஃபரின், அசெனோகுமரால் போன்ற ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகளிலும் அப்படியில்லை. அவற்றில் தேவையான அளவுக்கும் தீங்கு செய்யும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கோடு இல்லாவிட்டால் வெட்டாதீர்கள். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்து அளவு மாற்றும்போது 1 மி.கி., 2 மி.கி. மாத்திரைகளாகவே எழுதித் தரும்படி கேளுங்கள்.

அடுத்தது நம் கடற்கரைக்கே உரிய சிக்கல். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே பார்த்தாலும் ஐப்பசி, கார்த்திகையில் ஜாடிக்குள் உப்பே நீர்விட்டுக் கிடக்கும். அதே ஈரம் வெட்டிய பாதியையும் பிடிக்கும். டெல்மிசார்டான் இதில் முதல் ஆள்: அட்டையை விட்டு வெளியே வந்ததுமே ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும், எடுத்த உடனே விழுங்க வேண்டிய மாத்திரை அது. அதைப் பாதியாக்கி மறுநாளைக்கு வைப்பதைவிட 20 மி.கி. வாங்குவதே சரி. மற்ற மாத்திரைகளையும் மாதத்துக்கு மொத்தமாக வெட்டி டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான்: ஒரு பாதி இப்போது, மறு பாதி அடுத்த வேளைக்கு. அந்த மறு பாதியை இறுக மூடும் சின்ன பாட்டிலில் போட்டு, மேலே பெயர் எழுதுங்கள். சமையலறை, ஜன்னல் ஓரம், சட்டைப் பை ஆகாது. மெத்தென்றோ, நிறம் மாறியோ, பூத்தாற்போலோ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

ராத்திரி கடலில் தங்குகிறவர்கள் படகில் வைத்து வெட்ட வேண்டாம். ஆட்டத்தில் கோடு பிடிபடாது, கையிலும் ஈரம். அன்றைய வேளைக்கான பாதியைக் கரையிலேயே வெட்டி, மூடிய பாட்டிலில் எடுத்துப் போங்கள். படகு பிந்தினாலும் மருந்து தப்பாதபடி, வெட்டாத அட்டை ஒன்றையும் பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள்.

அட்டையைக் கத்தரிக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட முனையைக் கடைசி வரை விட்டுவையுங்கள். பாதி மாத்திரை தொடங்கிய முதல் வாரம் எழுந்து நிற்கையில் தலை சுற்றினால், நாடித்துடிப்பு 50-க்குக் கீழே போனால், டிகாக்ஸின் எடுப்பவருக்குக் குமட்டலோடு பார்வை மஞ்சளடித்தால், ஈறில் ரத்தமோ கறுப்பு மலமோ வந்தால், அந்த அட்டையையும் வெட்டிய துண்டையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் 108.