வேமி பாரை அழுத்தினாலும் ட்யூனிங் கலையாமல் இருக்க

நம்ம பக்கம் ஊர் நோம்பி மேடைகளில் வாசிக்கும் கிட்டார்காரர்கள் பலர் வேமி பாரை, அதாவது அழுத்திச் சுதியை அசைக்கும் கம்பியை, கழற்றிப் பையிலேயே வைத்துவிடுகிறார்கள். ஒரு தடவை அழுத்தினால் ஆறு ஸ்ட்ரிங்கும் கலைந்துவிடுமாம். பழியெல்லாம் அந்தக் கம்பி மாட்டியிருக்கும், உடலில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜுக்குத்தான், ஆனால் கோளாறு பெரும்பாலும் மறுமுனையில், கழுத்தின் உச்சியில் ஸ்ட்ரிங் படியும் பள்ளங்கள் உள்ள நட்டில் இருக்கும்.

இது 1954-இல் ஃபெண்டர் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக்கான வழி. ஸ்ட்ரிங்கைப் பூட்டிவைக்கும் ஃப்ளாய்டு ரோஸ் வகை பிரிட்ஜுக்கு முறை வேறு.

முதலில் புது ஸ்ட்ரிங் மாட்டுங்கள். சுதி சேர்க்கத் திருப்பும் கீயில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம். மாட்டியதும் ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு ட்யூன் செய்யுங்கள். இழுத்தாலும் சுதி இறங்காத வரை இதைத் தொடருங்கள்.

அடுத்தது நட். கீயைத் திருப்பும்போது 'டிங்' என்று சத்தம் வருகிறதா? ஸ்ட்ரிங் பள்ளத்தில் சிக்குகிறது என்று அர்த்தம். ஸ்ட்ரிங்கை ஓரமாக எடுத்துவிட்டு, 2பி பென்சிலைப் பள்ளத்தில் நன்றாகத் தேயுங்கள். ஸ்ட்ரிங் வழுக்கிப் போகக் கடைக்காரர் பெரிய விலைக்குத் தரும் மசகைவிட இது மோசமில்லை.

பிரிட்ஜின் முன்பக்கம் ஆறு திருகுகள் இருக்கும். ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிட்டு, நடு நான்கையும் ஒரு சுற்று மேலே தூக்குங்கள். ஓரத்து இரண்டும் தகட்டை லேசாகத் தொட்டால் போதும். உராயும் இடத்தில் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. திருப்பூர்க்காரர்களுக்கு அதைத் தேடவே வேண்டாம்.

இனிதான் பொறுமை தேவை. கிட்டாரைத் திருப்பிப் பின்மூடியைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளும், அவற்றைப் பிடித்திருக்கும் கொக்கித் தகடும், அதன் இரண்டு திருகுகளும் தெரியும். ஸ்ட்ரிங் ஒரு பக்கம் இழுக்க, ஸ்பிரிங் மறுபக்கம் இழுக்க, தராசு முள் மாதிரி பிரிட்ஜ் நடுவில் நிற்கிறது. அதனால்தான் ஒரு ஸ்ட்ரிங்கை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன. ஆறையும் ட்யூன் செய்துவிட்டுப் பிரிட்ஜின் பின்விளிம்பைப் பாருங்கள். உடலிலிருந்து 3 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் சரி. அதற்கு மேல் தூக்கியிருந்தால் இரண்டு திருகையும் அரைச் சுற்று இறுக்குங்கள். பிரிட்ஜ் இறங்கும், சுதி ஏறும். மறுபடி ஆறையும் ட்யூன் செய்து மறுபடி பாருங்கள். நாலைந்து தடவை சுற்றி வரவேண்டியிருக்கும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் இறுக்காதீர்கள்.

புதியவர்களுக்கு என் யோசனை: பிரிட்ஜ் உடலோடு படியும்வரை இறுக்கி, அதற்கு மேலும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கள். சுதியைக் கீழே மட்டும்தான் இறக்க முடியும், அவ்வளவுதான் நஷ்டம். உடலைத் தொடாமல் மிதக்கும் பிரிட்ஜில் பாட்டுக்கு நடுவே ஒரு ஸ்ட்ரிங் அறுந்தால், ஸ்பிரிங் ஜெயித்து மற்ற ஐந்தும் சுதி ஏறிவிடும். படிந்த பிரிட்ஜில் அந்த வம்பு இல்லை.

கடைசியாகச் சோதனை. பாரை நன்றாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஏதாவது ஸ்ட்ரிங் சுதி ஏறி நின்றால் அந்தப் பள்ளம் இன்னும் சிக்குகிறது, பென்சிலை எடுங்கள். பென்சிலுக்கும் மசியாவிட்டால் பள்ளத்தை அரம் போட்டு அகலப்படுத்த வேண்டும். அதை மட்டும் கிட்டார் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பட்டறை அரம் அதற்கு ஆகாது.