நெப்ராஸ்கா உழவரின் மனைவியைத் தேடுவது எப்படி

என் மகள் வாழ்க்கைப்பட்டது நெப்ராஸ்கா மாநிலத்து உழவர் குடும்பம் ஒன்றில். பேரனுக்காக, சம்பந்தியின் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி வரலாற்றைத் திரட்டத் தொடங்கினேன். தாத்தா ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டார். பாட்டிக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. திருமணமானதும் பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுகிறது. கூடவே அவளைப் பெற்றவர்களும் ஏட்டிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். ஆகவே மனைவியைத் தேடுங்கள். கணவர் கூடவே வருவார்.

பிந்தைய ஆண்டிலிருந்து முந்தைய ஆண்டுகளை நோக்கிப் போக வேண்டும். 1900 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தொடங்குங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்பவர்கள் எத்தனை என்பதெல்லாம் அதில் உண்டு. எங்கள் பாட்டிக்கு ஒன்பது, ஆறு என்று எழுதியிருந்தது. அந்த மூன்று பிள்ளைகள் இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியாது. 1890 ஏடுகளைத் தேடி நாளை வீணாக்க வேண்டாம். 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தில் அவை பெருமளவு சேதமடைந்தன, எஞ்சியவையும் பின்னர் ஏறக்குறைய முழுதும் அழிக்கப்பட்டன. 1880 ஏட்டில் உறவுமுறையும், ஒவ்வொருவரின் பெற்றோர் பிறந்த இடமும் இருக்கும். 1850 முதல் 1870 வரை பெயர்கள் உண்டு, உறவுமுறை கிடையாது. 1850-க்கு முன்னால் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே. எந்த ஆண்டானாலும், அக்கம்பக்கத்து வீடுகளும் தெரிய, முந்தைய பக்கத்தையும் அடுத்த பக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்தது நிலம். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி (உழவர் குடியேற அரசு நிலம் தந்த சட்டம்) 160 ஏக்கர் பெற்றவர், ஐந்தாண்டு அங்கே வாழ்ந்து பயிரிட்டதை இரண்டு சாட்சிகளைக் கொண்டு மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. பட்டா விவரம் அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு நின்றுவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணைக் கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தில் முழுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். குடும்பம் வாழ்ந்த விதம் அங்கேதான் இருக்கிறது.

நெப்ராஸ்காவின் பியாட்ரிஸ் நகருக்கு அருகே நிலம் கேட்டு, சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி முதல் நாளே மனுக் கொடுத்த டேனியல் ஃப்ரீமேன் என்ற உழவரின் கோப்பைப் பாருங்கள். 14-க்கு 20 அடி வீடு, இரண்டு கதவு, இரண்டு சன்னல், நூறடி நீள ஆட்டுக் கொட்டகை, 40 ஆப்பிள் மரம், ஏறத்தாழ 400 பீச் மரம் என்று எல்லாம் எண்ணி எழுதியிருக்கிறார்கள். குடும்பமோ 'மனைவியும் இரண்டு பிள்ளைகளும்' என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த மனைவி ஆக்னஸ், அயோவா மாநிலத்து லெக்ளேர் ஊர்ப் பெண். டேனியலின் சகோதரர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவள். அந்தச் சகோதரர் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இறந்தபின், கடிதம் வழியே பழகி 1865-இல் டேனியலை மணந்தாள். இதைப் படித்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

1850 முதல் 1880 வரை வேளாண்மைக் கணக்கெடுப்பு தனியாக உண்டு. அதில் வெண்ணெய் எத்தனை பவுண்டு என்ற கட்டத்தைத் தவறாமல் பாருங்கள். வெண்ணெய் கடைந்தது பெரும்பாலும் பெண்கள்தான். அவள் உழைப்புக்கு அரசு எழுதிவைத்த கணக்கு அது.

கணவர் உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவரானால், விதவை ஓய்வூதியக் கோப்பு பெரும் புதையல். திருமணத்தை மெய்ப்பிக்க, குடும்ப விவிலியத்தில் பிறப்பும் மணமும் எழுதிய தாளையே கிழித்து அனுப்பிய பெண்கள் உண்டு.

எதுவுமே கைகொடுக்காவிட்டால், பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாங்குங்கள். இருபதாம் நூற்றாண்டுப் படிவங்களில் தாயின் பிறந்த வீட்டுப் பெயருக்கு இடமுண்டு. மூத்த மகன்கள் இருவரின் சான்றிதழ்களிலும் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. கடைசி மகனின் சான்றிதழுக்கு விவரம் சொன்னவர் அவருடைய அக்காள், அவருக்குத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் தெரிந்திருந்தது. அந்தப் பெயரோடு 1870 ஏட்டை மறுபடி எடுத்தேன். பாட்டி பிறந்த வீடு அதே பக்கத்தில், தாத்தாவின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தது.